புதுச்சேரிக் கட்டடங்கள்: முகப்பு யாருடையது, கூரை யாருடையது?

கேட்டவர் கட்டடக் கலை படிக்கும் மாணவி. சொந்த ஊர் கடலூர். கேள்வியின் சாரம் இது: "புதுச்சேரிக்கு வருகிறவர்கள் மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் கலை என்று சொல்ல என்ன இருக்கிறது? பிரெஞ்சுக் கட்டடங்கள் என்கிறார்களே, அவை உண்மையிலேயே பிரெஞ்சுப் பாணியா? எனக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். எவற்றைப் பார்க்கட்டும்?"

இந்த ஊரின் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் நேரான பதில். கடலோரப் பகுதி வீடுகளில் முகப்பின் அளவும் ஒழுங்கும் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. சுவர், பூச்சு, கூரை மூன்றும் இந்தக் கரையோரத்துக் கொத்தனாரும் தச்சரும் செய்த வேலை. வீட்டுக்குள் காற்று வரும் வழியில் இரண்டு தரப்புக்கும் பங்கு உண்டு. பிரெஞ்சு என்று பெயர் சூட்டி முடித்துக்கொண்டால் பாதிக் கட்டடத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுவீர்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் கணக்கில் இந்த ஊரின் தலைசிறந்த கட்டடத்தில் மஞ்சள் சுவர் கிடையாது, வளைவு கிடையாது, அலங்காரத் தூண் கிடையாது. அதை வரைந்தவர் பிரெஞ்சுக்காரரும் இல்லை, தமிழரும் இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஊரின் வயதிலிருந்து தொடங்கலாம். இந்தக் கதையில் உங்கள் கடலூருக்கும் பங்கு உண்டு. தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் 1690-இல் விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டையை, 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது அவர்கள் பழைய கணக்கை வட்டியோடு தீர்த்துக்கொண்டார்கள். கோட்டை, மதில், பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளே வாழ்ந்த மாளிகை எல்லாம் தரைமட்டம். 1763 உடன்படிக்கையால் ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. 1765-இல் புதிய ஆளுநர் ழான் லா தெ லோரிஸ்தோன் வந்து மறுபடி கட்டத் தொடங்கினார். ஆகவே கடலோரப் பகுதியில் நீங்கள் பார்க்கும் கட்டடங்கள் அநேகமாக எல்லாம் அதற்குப் பிந்தியவை. பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கு வேலை நிறைந்த கருங்கல் தூண்கள் வேறு வகை. அவை செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. காந்தி சிலையோடு படம் எடுப்பவர்களில் அந்தத் தூண்களை ஏறிட்டுப் பார்ப்பவர் குறைவு.

கட்டடங்கள் போனாலும் தெருக்களின் கட்டம் தப்பியது. 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட நேர்க்கோட்டு வரைபடத்தைத்தான் பின்னால் வந்தவர்களும் பின்பற்றினார்கள். கடலுக்கு இணையாகத் தெற்கு வடக்காக ஓடும் நீண்ட தெருக்கள், அவற்றைக் குறுக்கே வெட்டிக் கடலை நோக்கிப் போகும் தெருக்கள். குறுக்குத் தெருக்களின் கிழக்கு முனை கடலைப் பார்த்துத் திறந்திருப்பதால், பிற்பகலில் கிளம்பும் கடற்காற்று ஊருக்குள் வர அவையே வாசல். ஒரு வெயில் நாளில் மூன்று மணிக்கு மேல் அப்படி ஒரு தெருவில் நடந்து பாருங்கள். வரைபடத்தில் கோடாகத் தெரிந்தது காற்றோட்டமாகத் தெரியும். நடுவில் ஓடும் பெரிய வாய்க்கால் ஊரைக் கிழக்கே ஐரோப்பியர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்று பிரித்தது. இன்று அது மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டிய சாக்கடை. ஆனால் அதன் இரு கரைகளிலும் வீடு தெருவைப் பார்க்கும் விதமே வேறு. புதுச்சேரியில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

கிழக்கே வீடு தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது. தெருவில் நடப்பவருக்குத் தெரிவது உயரமான மதில், அதில் இருபுறமும் தூண் வைத்த பெரிய வாயில், மேலே மதிலைத் தாண்டிச் சாயும் காகிதப்பூக் கொடி. அவ்வளவுதான். வாயிலுக்குள் போனால் தோட்டம் அல்லது முற்றம், அதைப் பார்த்தபடி வரிசைத் தூண்களோடு ஆழமான தாழ்வாரம், அதற்குப் பின்னால் உயரமான அறைகள். பிரான்சின் நகர மாளிகையிலும் வாயில், முற்றம், வீடு என்ற வரிசை உண்டு. ஆனால் இந்த ஆழமான தாழ்வாரம் வெயிலுக்காக இங்கே வளர்ந்தது. அறைச் சுவரில் நேர் வெயில் விழாமல் அது தடுக்கிறது. சன்னல் கதவுகளில் சாய்ந்த மரப்பட்டைகளை அடுக்கியிருப்பார்கள். கதவை மூடினாலும் காற்று வரும், வெளிச்சம் வடிகட்டி வரும், தெருவில் இருப்பவர் கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியாது. கூரை விளிம்பில் குட்டையான குடுவை வடிவச் சுடுமண் துண்டுகளை வரிசையாக நிறுத்திக் கைப்பிடிச் சுவர் கட்டியிருப்பார்கள். அழகுக்காகத்தான். ஆனாலும் இடைவெளி வழியே காற்று மொட்டை மாடியைத் தடவிக்கொண்டு போகும்.

இந்த வீடுகளின் கூரையைத்தான் நான் எல்லாருக்கும் காட்டுவேன், யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. பெயர் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் நெருக்கமாகத் தேக்குச் சட்டங்களைப் பரப்புவார்கள். அவற்றின் மேல் சிறிய மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவிட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று ஒட்டவைத்துக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப் பலகை தேவையில்லை. ஒட்டிய வரிசையே அடுத்த வரிசையைத் தாங்கும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளித்து, நாட்கணக்கில் மரக்கட்டையால் அடிப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அடிக்கும் வேலை அது. கலவை இறுகி, கட்டை துள்ளும் வரை அடி நிற்காது. கடைசியாகத் தட்டோடு, அதாவது தட்டையான சுடுமண் ஓடு, பதிப்பார்கள். இந்த முறை சோழமண்டலக் கரை முழுவதும் பரவியிருந்தது. இதை நெப்போலியன் காலத்துப் பாரிசில் தேடினால் கிடைக்காது. பிரெஞ்சு மாளிகை ஒன்றின் கூடத்தில் நின்று மேலே பார்த்தால், வெள்ளையடித்த சட்டங்களுக்கு நடுவே செங்கல் வரிசையின் சாய்வு தெரியும். அது ஒரு தமிழ்க் கொத்தனாரின் கையெழுத்து.

சுவரும் அப்படித்தான். செங்கல்லும் சுண்ணாம்பும். மேற்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பை அரைத்து, சலித்து, பல பூச்சுகளாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நல்ல வேலை என்றால் சுவர் சலவைக்கல் மாதிரி குளிர்ந்திருக்கும். சுண்ணாம்பில் உருவம் செய்வதைப் பிரெஞ்சுக்காரர் வந்து நமக்குக் கற்றுத்தரவில்லை. பண்ருட்டி பக்கம் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் விமானத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தளம் தளமாக எழும் அந்த விமானத்தின் சுதை உருவங்களுக்கும் இங்கே கடலோரப் பகுதியில் துய்மா வீதி மாளிகையின் தூண் தலைப்புக்கும் மூலப்பொருள் ஒன்றே. கோயிலில் யாளி செய்த கைக்குக் கிரேக்க இலைக்கொத்து செய்வது பெரிய பாடாக இருந்திருக்காது.

இந்தச் சுவருக்கு ஒரு குணம் உண்டு. ஈரத்தை இழுக்கும், பிறகு வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். "பலமாக இருக்கட்டும்" என்று சிமெண்ட் பூசி வீட்டைக் கொன்றவர்கள் இங்கே நிறையப் பேர். கூரையிலும் இதே ஆபத்துதான். தட்டோட்டில் விரிசல் விழுந்து, அதில் அரசங்கன்று ஒன்று வேர்விட்டு, மழை நீர் தேக்குச் சட்டத்தின் சுவருக்குள் புதைந்த முனையை எட்டினால், வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் முனை உளுத்துக்கொண்டே போகும். கடற்கரைச் சாலையில் 1870-71-இல் கட்டிய மேரி கட்டடம், பிரெஞ்சுக் கால நகர மண்டபம், 2014 நவம்பர் 29 அன்று அடைமழையில் இடிந்து விழுந்தது நினைவிருக்கலாம். பிறகு அதே முகப்போடு புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். தூணும் வளைவும் பழைய அளவில் இருக்கின்றன, வெள்ளை நிறம் பளிச்சென்று இருக்கிறது. கடற்கரையின் முகம் பழையபடி நிறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மாணவி என்ற முறையில் நீங்கள் அதைப் பழைய கட்டடக் கணக்கில் எழுதக் கூடாது. அது பழைய கட்டடத்தின் உருவப்படம்.

வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். இங்கே வீடு தெருவுக்கு முகத்தைக் கொடுக்கிறது. தெருவை ஒட்டி முதலில் தாழ்வாரம். மரக்கால்கள் தாங்கும் சாய்ந்த நாட்டு ஓட்டுக் கூரை. அதன் நிழல் வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை, வழிப்போக்கரும் அதில் நடக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம். அதற்கு உள்ளே ஒரு படி உயரத்தில் திண்ணை. யாரை எங்கே உட்கார வைப்பது என்ற சமூகக் கணக்கும் அந்த உயர வித்தியாசத்துக்குள் அடக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு செதுக்கு வேலை செய்த நிலையும் கதவும், நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள், பின்கட்டு. வீடுகள் பக்கச் சுவரை ஒட்டி ஒட்டி நிற்பதால் பக்கவாட்டில் வெயில் படாது, சன்னலும் வைக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் மழையும் முற்றத்தின் வழியேதான் வர வேண்டும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போக, தெருப் பக்கத்து நிழலிலிருந்து குளிர்ந்த காற்று நடை வழியாக உள்ளே வரும். வாசலிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதன் பயன் அதுதான்.

இந்தத் தெருவமைப்பை முழுதாகப் பார்க்க வைசியாள் வீதிக்குப் போங்கள். கல்வே சுப்பராய செட்டி வீதி என்றும் சொல்வார்கள். வீடுகளின் முகப்புகளை வரிசையாகப் பழைய உருவுக்கு மீட்ட பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒரு மாளிகையை மீட்பது எளிது, பணம் போதும். ஒரு தெருவை மீட்க வேண்டும் என்றால் அத்தனை வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கே கலை தனித்தனி வீட்டில் இல்லை. வீட்டுக்கு வீடு தாழ்வாரக் கூரையின் விளிம்பு ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஓடிவருவதில் இருக்கிறது. நடுவில் ஒருவர் அதை இடித்துக் கார் நிறுத்த இரும்பு ஷட்டர் போட்டால், வரிசையின் இசைவு அங்கே அறுந்துபோகும். அப்படி அறுந்த தெருக்கள்தான் இப்போது அதிகம்.

அதே தெருக்களில் கலப்பு வீடுகளும் இருக்கும். கீழ்த்தளம் திண்ணை, தாழ்வாரம், மரத்தூண் என்று முழுத் தமிழ் வீடு. மாடி அரைவட்ட வளைவுச் சன்னல், சுவரோடு ஒட்டிய தூண், குடுவைக் கைப்பிடிச் சுவர் என்று பிரெஞ்சு மாளிகை. ஒருவர் வேட்டி கட்டி, மேலே கோட்டு அணிந்து நிற்பதைப் போல. அந்தக் காலத்துத் தரகர்களும், மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகளும் உண்மையிலேயே அப்படித்தான் உடுத்தினார்கள் என்பதால், இந்த ஒப்புமையை நான் வலிந்து சொல்லவில்லை. சிலர் இதைப் பாணிக் குழப்பம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழ்த்தளம் தெருவுக்கும் உறவுக்கும் பதில் சொல்கிறது, மாடி அந்தஸ்துக்குப் பதில் சொல்கிறது. இரண்டும் ஒரே வீட்டுக்காரரின் தேவைகள்.

இந்த வகையின் மூத்த வீடு பெரிய மார்க்கெட்டை ஒட்டி இருக்கிறது. துய்ப்ளேயின் துபாஷியாக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1730களில் கட்டியது, 1761-இன் இடிப்புக்குத் தப்பியது. கீழே முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள். மேலே வெள்ளையடித்த காரைத் தூண்கள். இரண்டு உலகத்துக்கு நடுவில் நின்று பேசிய மனிதர் வேறு எப்படிக் கட்டியிருக்க முடியும் என்று நினைத்துக்கொள்வேன். அவருடைய நாட்குறிப்பில் இருக்கும் ஒரு செய்தி கட்டடக் கலை மாணவருக்கும் தேவை. மிஷன் வீதியில் இன்று சம்பா கோயில் நிற்கும் இடத்துக்கு அருகே இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748-இல் இடிக்கப்பட்டதை அவர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அழகான இந்த ஊரில் எது எதன் மேல் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சம்பா கோயில் என்று நாம் சொல்லும் அமல உற்பவ அன்னை பேராலயம் இப்போதுள்ள உருவில் 1791-இல் முடிந்தது. கீழ்நிலையில் இரட்டை இரட்டையாகக் கனத்த தூண்கள், மேல்நிலையில் மெலிந்த தூண்கள். கனமானதைக் கீழே, மெல்லியதை மேலே வைப்பது ஐரோப்பியச் செந்நெறி இலக்கணம். பாடப் புத்தகத்தில் படித்ததை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம். அதைவிட எனக்குப் பிடித்தது துய்மா வீதியில் உள்ள தேவதூதர்களின் அன்னை ஆலயம், ஊரார் வாயில் கப்ஸ் கோயில். பொறியாளர் லூயி கெர் வடிவமைத்து 1855-இல் முடித்தது. கடலைப் பார்த்த முகப்பு, மங்கிய இளஞ்சிவப்பு நிறம், உள்ளே முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. மூன்றாம் நெப்போலியன் அளித்த அன்னையின் விண்ணேற்பு ஓவியம் இங்கே இருக்கிறது. காலை வெயில் படும்போது முகப்பைப் பாருங்கள். பூச்சின் மெருகு அப்போதுதான் புரியும்.

ரயில் நிலையம் பக்கத்தில் உள்ள திரு இருதய ஆலயம் மூன்றாவது. 1902-இல் தொடங்கி 1907-இல் முடிந்தது, 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. கோத்திக் பாணி, கூர்வளைவுகள், புனிதர்களின் உருவம் தீட்டிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். ஐரோப்பாவில் கோத்திக் ஆலயம் என்றால் கல் எலும்புக்கூடு. பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்பதைக் கல்லே காட்டிவிடும். இங்கே சுவர் செங்கல், மேலே பூச்சு. பாரத்தின் வழியைக் காட்டும் வேலையைச் சிவப்பும் வெள்ளையுமான வண்ணம் எடுத்துக்கொண்டிருக்கிறது. கல்லுக்குப் பதில் வர்ணம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கோபுரத்துச் சுதைக்கு வர்ணம் தீட்டும் நாட்டில் அது உறுத்தலாகத் தோன்றவில்லை எனக்கு. பிற்பகல் வெளிச்சம் கண்ணாடி வழியே தரையில் விழும்போது உள்ளே இருங்கள்.

பாரதி பூங்கா ஆயி மண்டபம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மூன்றாம் நெப்போலியன் காலத்து வெள்ளை மண்டபம், கிரேக்க-ரோமானியச் சாயல், நாற்புறமும் வளைவு, அளவில் கச்சிதம். முத்தரையர்பாளையத்துக் குளத்தை வெட்டியதாகக் கதை சொல்லும் ஆயி என்ற தாசியின் பெயரைப் பிரெஞ்சு அரசு நினைவுச்சின்னம் ஒன்றுக்கு வைத்தது என்ற செய்திதான் கட்டடத்தைவிடச் சுவையானது.

இனி நான் முதலில் சொன்ன கட்டடம். அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடம், பெயர் கோல்கோண்ட். ஹைதராபாத் நிஜாமின் அரசிலிருந்து, திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்த 1 லட்சம் ரூபாய் நன்கொடையில் தொடங்கியதால் கோல்கொண்டாவின் நினைவாக இந்தப் பெயர். வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட். பொஹீமியாவில் பிறந்து, அமெரிக்கக் குடிமகனாகி, அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டுக்கு உதவியாளராக டோக்கியோ போய், அங்கேயே அலுவலகம் நடத்தியவர். தளத்தில் நின்று கட்டியவர்கள் இருவர். ஒருவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகஷிமா. பின்னால் மரச்சாமான் கலைஞராக உலகப் புகழ் பெற்றவர். இங்கே வேலை செய்யும்போதே ஆசிரமத்தில் சேர்ந்து சுந்தரானந்தா என்று பெயர் பெற்றார். மற்றவர் லெ கொர்புசியேயின் அலுவலகத்தில் பணியாற்றிய செக் நாட்டவர் ஃபிரான்டிசெக் சாமர். 1937-இல் தொடங்கிய வேலை, உலகப் போரின் நெருக்கடிக்கு நடுவே 1940களின் முற்பகுதி வரை நீண்டது. இரும்புக் கம்பி கட்டிக் கான்கிரீட்டை அங்கேயே வார்த்துக் கட்டிய நவீனக் கட்டடங்களில் இந்தியாவின் முன்னோடி இது. லெ கொர்புசியே பின்னால் கான்கிரீட்டில் வடிவமைத்த சண்டிகர் அப்போது வரைபடத்தில்கூட இல்லை.

தெருவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் கிடைமட்டக் கோடுகள் மட்டும் தெரியும். சன்னல் என்று எதுவும் இல்லை, கண்ணாடி இல்லை. வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகங்கள் முழுவதும் தரையிலிருந்து கூரை வரை கல்நார் சிமெண்டில் செய்த லூவர் பலகைகள், அதாவது திருப்பிச் சாய்க்கக்கூடிய கிடைமட்டப் பட்டைகள். வெயில் நாளில் திறந்தால் சுவர் முழுவதும் காற்றுக்கு வழிவிடும். ஐப்பசி மழையில் சாய்த்து மூடினால் சாரல் உள்ளே வராது. கிழக்கு மேற்குப் பக்கங்கள் குறுகலானவை, ஆகவே காலை மாலைச் சாய்வெயிலுக்கு அகப்படும் பரப்பு குறைவு. அறைகள் ஒரே வரிசையில் தெற்கே, அவற்றை இணைக்கும் நடைபாதை வடக்கே. எந்த அறையிலும் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அறைக்கும் நடைபாதைக்கும் நடுவே தேக்குப் பட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கிய தள்ளுகதவு. கண்ணுக்கு மறைவு, காற்றுக்குத் திறப்பு. பிரெஞ்சு வீட்டுச் சன்னல் கதவில் ஓரடி அகலத்தில் செய்ததை இங்கே கட்டடத்தின் தோல் முழுவதும் செய்திருக்கிறார்கள்.

கூரையும் இரட்டை. கீழே கான்கிரீட் தளம், அதன் மேல் இடைவெளி விட்டு, வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓடுகள். வெயில் மேல் ஓட்டைச் சுடும், நடுவில் போகும் காற்று அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். தரையில் மெருகேற்றிய கருப்புக் கடப்பைக் கல், சுவர்களில் கிளிஞ்சல் சேர்த்த நம் ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சு. கதவுக் கீல், கொக்கி, கைப்பிடி எல்லாம் பக்தர்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி இங்கேயே வார்த்தவை. முன்னனுபவம் இல்லாத ஆசிரமவாசிகளும் வேலையில் கைகொடுத்தார்கள். அவசரம் கிடையாது. தொடங்கும் முன் ஓர் அறையை முழு அளவில் மாதிரியாகக் கட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். இன்று எந்தக் கட்டுமானத் தளத்தில் அதற்குப் பொறுமை இருக்கிறது?

உப்புக் காற்றுக்கும் கான்கிரீட்டுக்கும் ஆகாது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். இதே ஊரில் முப்பது நாற்பது வயதான அடுக்குமாடிகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. கோல்கோண்ட் இன்னும் திடமாக இருப்பதற்கு வார்த்தபோது எடுத்த கவனம் ஒரு காரணம், அன்றாடம் துடைத்துப் பராமரிக்கும் கைகள் மற்றொரு காரணம். எட்டு மைல் தள்ளி ஆரோவில்லில் பொன் தகடு பதித்த உருண்டையான தியான மண்டபம் மாத்ரிமந்திரைப் பார்க்க எல்லாரும் போகிறார்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பி நீங்கள் வரையப்போகும் கட்டடத்துக்குப் பயன்படுவது அந்தத் தங்க உருண்டையா, இந்தச் சாம்பல் நிறத் தங்குமிடமா என்று கேட்டால், என் ஓட்டு எதற்கு என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மஞ்சள் சுவர் பற்றியும் ஒரு வார்த்தை. காவி மஞ்சளும் வெள்ளைக் கரையும் பழைய வீடுகளில் உண்டுதான். ஆனால் இப்போது எழும் கான்கிரீட் விடுதிகள் எல்லாம் அதே வண்ணத்தை அடித்துக்கொண்டு, தெர்மோகோல் வளைவு ஒட்டிக்கொண்டு 'மரபு' என்று பெயர்ப்பலகை மாட்டுகின்றன. சந்தேகம் வந்தால் சுவரின் தடிமனைப் பாருங்கள். பழைய சுவரில் சன்னல் ஆழமாக உள்ளடங்கி இருக்கும். புதியதில் சன்னல் சுவரோடு ஒட்டி நிற்கும். வெளிர் சாம்பலும் வெள்ளையும் அடித்த கட்டடங்கள் அநேகமாக ஆசிரமத்துடையவை.

ஒரு நாள் திட்டம்: காலை வெயில் ஏறும் முன் கப்ஸ் கோயிலில் தொடங்குங்கள், அங்கிருந்து துய்மா, ரோமன் ரோலண்ட் வீதிகளின் வாயில்களைப் பார்த்தபடி வடக்கே நடந்து ஆயி மண்டபம் வரை வாருங்கள். பழைய மாளிகை ஒன்று விடுதியாகவோ உணவகமாகவோ நடந்தால், ஒரு காபி குடிக்கும் சாக்கில் உள்ளே உட்கார்ந்து கூரையைப் பாருங்கள். உச்சி வெயிலில் வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்குப் போய்விடுங்கள். திண்ணையும் தாழ்வாரமும் எதற்கு என்பது அந்த நேரத்தில்தான் உடம்புக்குத் தெரியும். அங்கிருந்து சம்பா கோயிலும் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையும் நடக்கிற தூரம்தான். நான்கு மணிக்குத் திரு இருதய ஆலயம், அங்கிருந்து கடலூர் பஸ் பிடிக்கவும் வசதி.

கோல்கோண்டில் மக்கள் குடியிருக்கிறார்கள். அமைதி காக்கும் இடம். சுற்றுலாத் தலம்போல நேரே நுழைய முடியாது, உள்ளே பார்க்க ஆசிரமத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். உங்கள் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே எழுதிவிடுங்கள். அனுமதி கிடைத்த தேதியைப் பொறுத்து மற்றவற்றை மாற்றிக்கொள்ளலாம். நோட்டும் பென்சிலும் போதும். லூவர் பலகை எப்படித் திரும்புகிறது, பித்தளைக் கொக்கி எங்கே மாட்டுகிறது என்பதைக் கையால் வரைந்து எடுத்துப் போங்கள்.